ஆட்டிசமுடைய வயதுவந்தோரின் தொழிலும் தற்சார்பு வாழ்வும்: குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் குறித்த தமிழ் எழுத்துகளும் நலத்திட்டங்களும் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தையே கருத்தில் கொண்டுள்ளன. பதினெட்டு வயதைக் கடந்தோரின் தொழில், வருமானம், வாழிடம், முடிவெடுக்கும் உரிமை ஆகியன போதிய அளவில் பேசப்படவில்லை. பேசப்படும் இடங்களிலும் பெருநகரத்துத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களே எடுத்துக்காட்டுகளாகின்றன. புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் ஒன்றியம் போன்ற வேளாண்மை சார்ந்த ஊரகப் பகுதியில் ஆட்டிசமுடைய வயதுவந்தோர் தொழில் பெற்றுத் தற்சார்புடன் வாழ்வதற்குரிய வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டம் தரும் உரிமைகள், முந்தைய ஆய்வுகளின் முடிவுகள், ஊரகத் தொழில்களின் இயல்பு ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கி, ‘முதலில் பயிற்சி, பின்னர் வேலை’ என்னும் முறையைவிட, ‘முதலில் வேலையிடம், அங்கேயே பயிற்சி’ என்னும் முறையே ஊரகத்திற்கு ஏற்றது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், வயதுவந்தோர், தற்சார்பு, உதவியுடன் கூடிய வேலைவாய்ப்பு, ஊரகப் பொருளாதாரம், குன்றாண்டார்கோவில்.

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்று குன்றாண்டார்கோவில். குடைவரைச் சிவன் கோயிலால் வரலாற்றாய்வாளர்க்கு நன்கு அறிமுகமான இவ்வூரைச் சுற்றியுள்ள பகுதி, மழையையும் குளத்துப் பாசனத்தையும் நம்பிய வேளாண்மை நிலம். நெல், நிலக்கடலைச் சாகுபடியும் ஆடு மாடு வளர்ப்பும் இங்குள்ள குடும்பங்களின் வாழ்வாதாரங்கள். பெருநிறுவனங்களின் அலுவலகங்களோ, ஆட்டிசத்திற்கெனத் தனிச் சிறப்பு பெற்ற தொழிற்பயிற்சி நிலையங்களோ நிறைந்த பெருநகரச் சூழல் இங்கில்லை. தமிழகத்தின் பெரும்பாலான ஊராட்சி ஒன்றியங்களுக்கும் இந்நிலை பொருந்தும்.

இத்தகைய ஓர் ஊரில் ஆட்டிசமுடைய பிள்ளை வளர்ந்து பெரியவராகும்போது, பெற்றோர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: ‘எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?’ இக்கேள்விக்கு உறவினர், விடுதி, உதவித்தொகை என்னும் விடைகளே வழக்கமாகக் கூறப்படுகின்றன. ‘இவனுக்கென்று ஒரு தொழிலும் வருமானமும் வாழிடமும் இருக்குமா?’ எனக் கேள்வியை மாற்றி அமைத்தால் விடைகளும் மாறுகின்றன. அம்மாற்றத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது கள ஆய்வுத் தரவுகளை முன்வைப்பதன்று. சட்டங்களையும் பதிவு செய்யப்பட்ட ஆய்வுகளையும் ஓர் ஊரகச் சூழலில் பொருத்திப் பார்ப்பது.

1. சொல்லும் அதன் விளைவும்

‘ஆட்டிசம்’ என்பது ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து தோன்றிய சொல். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911இல் மனச்சிதைவின் ஓர் இயல்பைக் குறிக்க இதனைக் கையாண்டார். 1943இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் இன்றைய பொருளுக்கு அடித்தளமிட்டார். 1944இல் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதையொத்த இயல்புடைய சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

தமிழில் இதற்கு ‘மதியிறுக்கம்’ என்னும் சொல் பரவலாக வழங்குகிறது. ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்பது அரசுத் துறை சார்ந்த வழக்கு. இரண்டும் ஆராயத்தக்கன. முதற்சொல், ஆட்டிசத்தை அறிவுத்திறன் குறைபாட்டோடு ஒன்றாக்கிக் காணத் தூண்டுகிறது. ஆட்டிசமுடையோருள் அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் உளர்; இல்லாதோரும் உளர். இரண்டாம் சொல் உண்மை நிலைக்கு ஏறத்தாழ மாறானது. புற உலகின் ஒலி, ஒளி, மணம், தொடுகை ஆகியவற்றைப் பிறரினும் மிகுதியாக உணர்வதே பலருக்கு இடர்ப்பாடாக இருக்கிறது. திருவிழா ஒலிபெருக்கியின் அடியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒருவர் புற உலகைச் சிந்திக்காதவர் அல்லர். அதன் முழு விசையையும் தாங்க இயலாதவர்.

இது வெறும் சொல்லாய்வு அன்று. வேலை கொடுக்கும் ஒருவர், ‘புற உலகச் சிந்தனையற்றவர்’ என்னும் அறிமுகத்துடன் ஒருவரைச் சந்திப்பாராயின், அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கத் தயங்குவது இயல்பு. எனவே இக்கட்டுரை ‘ஆட்டிசம்’ என்னும் சொல்லையே கையாளுகிறது. சமூகத் தொடர்பிலும் கருத்துப் பரிமாற்றத்திலும் வேறுபாடு, மாறா ஒழுங்கின் மீது பற்று, குறுகிய துறைகளில் ஆழ்ந்த ஈடுபாடு, புலனுணர்வில் மிகை அல்லது குறை ஆகியன இதன் இயல்புகள். இவை வாழ்நாள் முழுவதும் தொடர்வன. வெளிப்படும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும்.

தமிழில் ஆட்டிசம் பற்றிய விழிப்புணர்வை உருவாக்கியதில் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ என்னும் நூலுக்கும், ஆட்டிசமுடைய சிறுவனை மையமாகக் கொண்ட ‘துலக்கம்’ என்னும் நாவலுக்கும் பங்குண்டு. குழந்தைப் பருவத்தைப் பற்றித் தொடங்கிய இவ்வுரையாடல், அக்குழந்தைகள் இளைஞர்களாகிவிட்ட இன்றைய நிலையில் அடுத்த கட்டத்திற்குச் செல்ல வேண்டியுள்ளது.

2. பதினெட்டு வயதுக்குப் பின்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்விக்கு உரிமை அளிக்கிறது. பள்ளி, சிறப்பாசிரியர், இயன்முறைப் பயிற்சி ஆகிய அனைத்தும் கல்வி அமைப்பைச் சார்ந்தே ஊரகத்தை எட்டுகின்றன. பதினெட்டு வயதுடன் இத்தொடர்பு அறுகிறது. நாள்தோறும் ஒரு நேரத்தில் எழுந்து, ஓர் இடத்துக்குச் சென்று, சிலரைக் கண்டு திரும்பிய ஒழுங்கு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. மாறா ஒழுங்கைச் சார்ந்து வாழும் ஒருவருக்கு இது பெரும் இழப்பு. கற்ற திறன்கள் மங்குவதற்கும், பதற்றமும் தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்வதும் மிகுவதற்கும் இவ்வெறுமை இடமளிக்கிறது. அவரைக் கவனிக்கத் தாய் கூலி வேலைக்குச் செல்லாமல் வீட்டில் தங்கும்போது, ஒருவரின் வேலையின்மை இருவரின் வருமான இழப்பாகிறது.

இம்மக்களின் எண்ணிக்கையே ஆவணங்களில் தெளிவாக இல்லை. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஆட்டிசத்திற்கெனத் தனிப் பிரிவு இல்லை. அதனால் இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் பலர், தம் இயல்புக்கு உரிய பெயரைப் பெறாமலேயே ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்றோ, ‘ஒரு மாதிரியானவர்’ என்றோ ஊராரால் அழைக்கப்பட்டு வாழ்ந்து வருகின்றனர்.

பெயர் பெற்றோரின் நிலையும் நிறைவானதாக இல்லை. பிரித்தானியாவில் பாட்ரீஷியா ஹவ்லினும் அவருடைய குழுவினரும் 68 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்து வயதுவந்த பருவம்வரை பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோரின் வாழ்நிலை குறைவுடையதாக மதிப்பிடப்பட்டது. தொழில், நட்பு, தனித்து வாழ்தல் ஆகியவற்றையே அவ்வாய்வு அளவுகோலாகக் கொண்டது. அடிப்படை வசதிகள் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை என்பதால், குழந்தைப் பருவப் பயிற்சி மட்டும் போதுமானதன்று என்பது தெளிவாகிறது.

3. சட்டம் தருவனவும் தராதனவும்

2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் வழியில் உருவானது 2016ஆம் ஆண்டுச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் அவற்றுள் ஒன்று. தொழில் சார்ந்து நான்கு கூறுகள் இதில் கருதத்தக்கன.

முதலாவது, அரசுப் பணிகளில் இடஒதுக்கீடு. பிரிவு 34 வழங்கும் 4 விழுக்காட்டில் பார்வை, செவி, உடலியக்கக் குறைபாடுகளுக்குத் தனித்தனியே ஒரு விழுக்காடு உண்டு. எஞ்சிய ஒரு விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்தும் பகிர்ந்துகொள்கின்றன. 2021 ஜனவரி 4 அன்று நடுவண் அரசு வெளியிட்ட பட்டியல், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையென 3,566 பணிகளை அடையாளங்கண்டு, ஆட்டிசமுடையோர்க்கு உரியவற்றையும் குறிப்பிட்டது. எனினும் எழுத்துத் தேர்வு, போட்டி, நேர்காணல் ஆகியவற்றைக் கடந்தோரே இதன் பயனைப் பெற இயலும். பேச்சுமொழி குறைவாக உள்ள ஊரக இளைஞர்களுள் பெரும்பாலோர் இவ்வாயிலின் அருகிலும் வருவதில்லை.

இரண்டாவது, தனியார் துறை. பிரிவு 35, தொழிலாளர்களுள் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக அமைவதற்கு முதலாளிகளுக்கு ஊக்கம் அளிக்கக் கூறுகிறது, கட்டாயப்படுத்தவில்லை. பிரிவு 21இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் தனியார் நிறுவனம் அக்கொள்கையில் ஏற்ற பணிகளின் பட்டியலையும் தர வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலைப் பகுதியில் உள்ள தொழிற்சாலைகளைக் கருதும்போது இவ்விதி பயன்படத்தக்கது.

மூன்றாவது, ‘நியாயமான வசதி’ என்னும் கருத்து. அளவுக்கு மீறிய சுமையை உண்டாக்காத வகையில், தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தருவதே இதன் பொருள். விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்னும் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், இதனை மாற்றுத்திறனாளிகள் உரிமையின் அடிப்படையாக எடுத்துரைத்தது. கட்டட வாயிலில் சாய்தளம் அமைப்பதை இவ்வசதிக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் அறிவர். ஆட்டிசமுடையோர்க்கு வேண்டிய சாய்தளம் கண்ணுக்குப் புலப்படாதது: வாய்மொழிக் கட்டளைக்குப் பதில் படவரிசை, இரைச்சலற்ற மூலை, மாறாத நேரம், மாற்றம் வருமுன் அறிவிப்பு, நேர்காணலுக்குப் பதில் செய்துகாட்டும் தேர்வு ஆகியன.

நான்காவது, சான்றிதழ். ஆட்டிசத்தின் அளவு 40 கூறுகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலால் கணக்கிடப்பட்டு வந்துள்ளது. உரிமைகளைப் பெற 40 விழுக்காட்டுக்குக் குறையாத சான்று தேவை. இது குறைபாட்டின் அளவைக் கூறும். ஒருவர் எவ்வேலையை எத்தகைய உதவியுடன் செய்ய வல்லவர் என்பதைக் கூறாது. 70 விழுக்காடு எனச் சான்று பெற்ற இருவருள் ஒருவர் ஓயாத இரைச்சலில் அமைதியாகப் பணியாற்றலாம். மற்றவர் மிக்சி ஒலியைக் கேட்டாலே ஓடலாம். வேலைக்குத் தேவையான இத்தகவலை எந்த அலுவலக ஆவணமும் தருவதில்லை. அதனைப் பெற்றோரும் சிறப்பாசிரியரும் எழுத்தில் தொகுத்துத் தருதல் வேண்டும்.

4. முதற் குழந்தையின் நீண்ட வாழ்வு

கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதலில் விவரிக்கப்பட்ட குழந்தையின் வாழ்க்கை, ஊரகம் பற்றிய இவ்வாய்வுக்கு மிக நெருக்கமானது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்ட்டில் 1933இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட்டே அவர். கானர் 1971இல் அந்த 11 பேரின் பிற்கால நிலையை ஆராய்ந்து எழுதினார். அரசு மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் தம் திறன்களை இழந்து ஒடுங்கிப் போனதை அவர் வருத்தத்துடன் பதிவு செய்தார். டொனால்டின் நிலை அவ்வாறில்லை.

1942இல் டொனால்ட், வீட்டிலிருந்து ஏறத்தாழ பத்து மைல் தொலைவிலிருந்த ஒரு வேளாண் தம்பதியரிடம் விடப்பட்டார். எண்ணுவதிலும் அளப்பதிலும் அவருக்கு அடங்காத ஈடுபாடு. அதனை நோயின் அறிகுறி என ஒடுக்க அத்தம்பதியர் முயலவில்லை. கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து கூறச் சொன்னார்கள். சோள வரிசைகளை ஓயாது எண்ணிக்கொண்டிருந்தவரை, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1945இல் கானர் நேரில் சென்றபோது, டொனால்ட் குதிரை பூட்டிய ஏரைத் திறம்படச் செலுத்தி உழுததைக் கண்டு வியந்தார். பின்னர்ப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்து 1958இல் பட்டம் பெற்ற டொனால்ட், தம் ஊர் வங்கியில் பணியாற்றினார். மகிழுந்து ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். பெற்றோர் மறைந்த பின்னும் அதே வீட்டில் வாழ்ந்து 2023இல் தம் 89ஆம் வயதில் காலமானார்.

அவர் குடும்பம் வசதி படைத்தது; வங்கியில் அக்குடும்பத்திற்குப் பங்கும் இருந்தது. அவ்வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதன்று என்பதையும் கூறவே வேண்டும். எனினும் மாற்றத்தைத் தொடங்கி வைத்தது செல்வமோ மருத்துவமோ அன்று. வயலில் வேலை செய்த இருவரின் உற்றுநோக்கல். அவர்கள் டொனால்டின் விருப்பத்தை மாற்றாமல், அவ்விருப்பத்திற்கு இடமளிக்கும் வகையில் வேலையை மாற்றினர். பிற்காலத்தில் சிற்றூர் மக்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டதும் இதற்கு இணையான காரணம்.

5. பயிற்சி முதலா, பணியிடம் முதலா?

தொழிற்பயிற்சி நிலையங்கள் பலவற்றில் மெழுகுவத்தி, காகித உறை, மிதியடி ஆகியவற்றைச் செய்யும் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நடைபெறுகிறது. ‘தயாரான பின் வேலை’ என்பது இதன் கோட்பாடு. ஆட்டிசமுடையோர்க்கு இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தில் பயன்படுத்துவது அவர்களுள் பலர்க்கு எளிதன்று. பயிற்சிக் கூடத்தில் துடைப்பதைக் கற்றவர், கடையில் துடைக்க மீண்டும் கற்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாக 1970களிலிருந்து அமெரிக்காவில் உருவானதே உதவியுடன் கூடிய வேலைவாய்ப்பு. அக்காலத்தில் மார்க் கோல்டு, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையோர் மிதிவண்டித் தடையின் 15 பாகங்களைப் பிழையின்றிப் பொருத்தக் கற்க முடியும் என்று காட்டினார். வேலையைச் சிறு படிகளாகப் பகுத்ததும், பாகங்களில் நிறக் குறியிட்டதும் அவர் கையாண்ட முறைகள். கற்காமைக்குக் காரணம் கற்பவரிடம் மட்டும் இல்லை, கற்பிக்கும் முறையிலும் உள்ளது என்பதை இது உணர்த்திற்று.

வர்ஜீனியாவில் பால் வேமனின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆட்டிசமுடைய 18 முதல் 21 வயது வரையிலான இளைஞர்களிடம் சோதித்தது. மருத்துவமனைகளிலேயே பல மாதங்கள் உண்மையான பணிகளில் உதவியுடன் ஈடுபட்ட 24 பேரில் 21 பேர் வேலை பெற்றனர். வழக்கமான சேவைகளை மட்டும் பெற்ற 16 பேரில் ஒருவரே வேலை பெற்றார். குழு சிறியது எனினும் வேறுபாடு பெரியது.

தகவல் தொழில்நுட்பத் துறையில் டென்மார்க்கின் ஸ்பெசியலிஸ்டெர்ன் நிறுவனம் 2004இலும், சாப் நிறுவனம் 2013இலும் தொடங்கிய முயற்சிகள் புகழ்பெற்றவை. சாப் நிறுவனத்தின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று பெங்களூரில் நடைபெற்றது. இவை ஆட்டிசத்தைக் குறையாகக் காணாமல் நுண்ணிய கவனமாகக் கண்டன. ஆயினும் மென்பொருள் சோதனைக்குரிய கல்வி பெற்ற சிலருக்கே இவை பொருந்தும். ‘ஆட்டிசமுடையோர் கணினி மேதைகள்’ என்னும் பொதுக்கருத்து, ஏனையோரை மேலும் பின்தள்ளும் இடரும் இதில் உண்டு.

தமிழக ஊரகத்திற்கு நெருங்கிய முயற்சியாக, விழுப்புரம் மாவட்டம் குணமங்கலத்தில் சிருஷ்டி அறக்கட்டளை நடத்தும் சிருஷ்டி கிராமத்தைக் குறிப்பிடலாம். 2013இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, அறிவுத்திறன் வளர்ச்சியில் குறைபாடுடைய வயதுவந்தோர் வேளாண்மையில் ஈடுபட்டுப் பிறருடன் இணைந்து வாழும் ஊராக வடிவமைக்கப்பட்டது. பயிரிடலும் கால்நடை வளர்ப்பும் அங்கு அன்றாட வாழ்வின் பகுதிகள். இதன் சிந்தனையை ஏற்கும்போதே, தனி ஊர் அமைக்காமல் இருக்கும் ஊரிலேயே இதனைச் செய்ய இயலுமா என்னும் வினாவும் எழுகிறது.

6. ஊரகத் தொழில்களின் இயல்பு

குன்றாண்டார்கோவில் போன்ற பகுதியின் தொழில்களை ஆராய்ந்தால், ஆட்டிசமுடையோர்க்குப் பொருந்தும் கூறுகள் பல தென்படுகின்றன. பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் கொண்டு செல்லும் வேலை நாள்தோறும் ஒரே நேரத்தில் நிகழ்வது. அளவு எண்ணால் குறிக்கப்படுவது. விதைக்கடலையைத் தெரிந்தெடுப்பதில் தோல் உரிந்ததையும் சுருங்கியதையும் உடைந்ததையும் நீக்கும் நுண்ணிய பார்வை வேண்டும். ஆடுகளுக்கு இலைதழை அளித்தல், தொழுவத்தைத் தூய்மை செய்தல், நாற்றங்காலில் பை நிரப்புதல் ஆகியன மாறா வரிசை உடையவை. இவற்றில் மனிதருடன் பேச வேண்டிய தேவையும் குறைவு.

பொருந்தாத கூறுகளும் உண்டு. மழையைப் பொறுத்து வேலை நாள் மாறும். ‘கொஞ்சம் மண் போடு’, ‘அந்தப் பக்கம் பார்த்துக்கொள்’ என்னும் கட்டளைகளில் அளவும் இடமும் தெளிவாக இல்லை. நண்பகல் வெயில், பூச்சிமருந்து மணம், இயந்திர இரைச்சல் ஆகியன புலனுணர்வைத் தாக்கும். குளமும் திறந்த கிணறும் இடரை அறியாதவர்க்கு உயிரச்சம் தருவன.

இவ்விடைவெளியை நிரப்ப, வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் உருவாக்கிய டீச் முறையின் நான்கு வினாக்கள் துணைபுரிகின்றன: எந்த வேலை? எவ்வளவு? முடிந்தது என்பது எப்படித் தெரியும்? அடுத்து என்ன? நாற்றங்காலில் பை நிரப்பும் வேலையை இவ்வினாக்களால் ஒழுங்கமைக்கலாம். செம்மண், மணல், தொழுவுரம் ஆகிய மூன்றும் கலந்த குவியல் இடப்புறம் இருக்கும். பையின் விளிம்புக்குக் கீழே வண்ணக் கோடு ஒன்று இடப்படும். மண் அதுவரை வர வேண்டும். பத்துப் பைகள் கொள்ளும் தட்டு வலப்புறம் இருக்கும். தட்டு நிறைந்தால் ஒரு சுற்று முடிந்தது. ஐந்து தட்டுகள் முடிந்தபின் தேநீர். அதற்கான படம் வரிசையின் இறுதியில் ஒட்டப்பட்டிருக்கும். இதற்குத் தேவையானவை வண்ணப் பேனாவும் ஒரு தட்டும் சில படங்களுமே. தொடக்கத்தில் உடனிருந்து கற்பிப்பவர், ஒவ்வொரு படியிலும் உதவியைக் குறைத்துக்கொண்டே செல்ல வேண்டும். இல்லையேல் பக்கத்தில் ஒருவர் ‘ம்’ என்று சொன்னால் மட்டுமே அடுத்த பையை எடுக்கும் சார்பு நிலை உருவாகிவிடும்.

இங்குக் கருத வேண்டிய மற்றொன்று கூலி. ஊரகக் குடும்பங்களில் ஆட்டிசமுடையோர் பலர் ஏற்கெனவே உழைக்கின்றனர். மாடு கட்டுகின்றனர், நீர் சுமக்கின்றனர். அது வேலையாகக் கணக்கில் வருவதில்லை. பிறர் நிலத்தில் செய்யும்போதும் சோற்றுக்கும் தேநீருக்குமான கைம்மாறாகவே கருதப்படுகிறது. ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் உறுப்பு சமவேலைக்குச் சம ஊதியத்தை வலியுறுத்துகிறது. தனித்து ஒதுக்கப்பட்ட பட்டறைகளை வேலைவாய்ப்புரிமையின் நிறைவேற்றமாகக் கொள்ள இயலாதென ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவின் 2022ஆம் ஆண்டு எட்டாம் பொதுக்கருத்துரை தெளிவுபடுத்தியது. ஊரகத்தில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நடைபெற்ற நூறு நாள் வேலைத் திட்டத்தில், மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் உழைத்து முழு ஊதியம் பெறுவதற்குத் தமிழக அரசு ஆணை வழிசெய்தது. வேலையின் அளவை ஆளுக்கேற்ப மாற்றிக் கூலியைக் குறைக்காத இக்கோட்பாடு, எவ்வகை ஊரக வேலைத் திட்டத்திலும் பின்பற்றத்தக்கது.

7. தற்சார்பு என்பதன் பொருள்

‘தற்சார்பு’ என்னும் சொல் யாருடைய துணையுமின்றி வாழ்வதெனப் பொருள் கொள்ளப்படுகிறது. அவ்வாறாயின் ஊரில் எவரும் தற்சார்புடையவர் அல்லர். ஐ.நா. குழுவின் 2017ஆம் ஆண்டு ஐந்தாம் பொதுக்கருத்துரை, தனித்து வாழ்தல் என்பது எல்லாவற்றையும் தாமே செய்வதன்று; தம் வாழ்வு பற்றிய தெரிவும் கட்டுப்பாடும் தம்மிடம் இருப்பது என விளக்குகிறது. இவ்வளவுகோலின்படி, உணவைத் தாமே சமைக்க இயலாதவரும் எதை உண்பது, யாருடன் இருப்பது, தம் கூலியில் எதை வாங்குவது என்பவற்றைத் தெரிவு செய்தால் தற்சார்பை நோக்கி நடப்பவரே.

இதன் நடைமுறைக் கூறுகள் மூன்று. முதலாவது பணம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்துரிமையையும் நிதி நிர்வாக உரிமையையும் பிறருக்குச் சமமாக அளிக்கிறது. கூலி அவருடைய வங்கிக் கணக்கிலேயே சேர்வதும், வாரம் ஒருமுறை சிறு தொகையை அவரே எடுத்துச் செலவிடுவதும் தொடக்கப் பயிற்சிகள். இரண்டாவது பயணம். 2021 முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன்வரும் ஒருவரும் கட்டணமின்றிச் செல்லலாம். உடன்வருபவர் முதலில் அருகிலும், பின்னர் வேறு இருக்கையிலும், பின்னர் இறங்கும் நிறுத்தத்திலும் என விலகிச் செல்வதே கற்பிக்கும் முறை. மூன்றாவது பாதுகாப்பு. வேண்டாத தொடுகையை மறுக்கவும், அதனைச் சொல்லாலோ படத்தாலோ வேறொருவருக்குத் தெரிவிக்கவும் கற்றிராத நிலையில் பெண்களை வேலைக்கு அனுப்பக் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அவ்வச்சம் நியாயமானது, அதற்கு விடை வீட்டுக்குள் வைத்திருப்பதன்று, அக்கல்வியை அளிப்பதே.

இத்தகைய சமூகக் கற்றலுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, இம்மாவட்டத்தின் ஊரகப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். வகுப்பறையில் அன்று, ஊர்ப் பொதுவெளியில், தன்னார்வலர் துணையுடன் அது நிகழ்ந்தது. தண்ணீர் எடுக்கவும் விளைபொருளை விற்கவும் பிறரை எதிர்பார்த்திருந்த நிலை அதனால் மாறியது. கேலியை எதிர்கொண்டு தொடங்கிய அவ்வழக்கம் சில ஆண்டுகளில் இயல்பானது. ஒரு திறன் தனியொருவரின் முயற்சியால் மட்டுமன்றி ஊரின் ஏற்பாலும் நிலைபெறுகிறது என்பதற்கு அது சான்று.

8. பெற்றோருக்குப் பின்

பதினெட்டு வயதுக்குப் பின் பெற்றோர் இயல்பாகவே சட்டக் காப்பாளராகத் தொடர்வதில்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுடையோர்க்குக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம், மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்நிலைக் குழுவுக்கு உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவோ வரையறுக்கப்பட்ட காப்பாண்மையைக் கூறுகிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்திற்கு, அவருடைய விருப்பத்தை அறிந்து கூட்டாக முடிவெடுப்பதே அதன் பொருள். முன்னது ஒருவருக்காக முடிவெடுப்பது. பின்னது ஒருவருடன் முடிவெடுப்பது. காப்பாளரை நாடும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு விளக்கப்பட வேண்டும். நிலப்பங்கீட்டின்போது ஆட்டிசமுடைய உடன்பிறந்தாரின் பங்கு அவர் பெயரில் நிலைபெறுவதும் இதனோடு தொடர்புடையது.

வாழிடத்தைப் பொறுத்தவரை, பிரிவு 5 சமூகத்தில் வாழும் உரிமையை உறுதி செய்கிறது. தேசிய அறக்கட்டளையின் கரோந்தா திட்டம் வயதுவந்தோர்க்கான குழு இல்லங்களுக்கு ஆதரவளிக்க உருவானது. தொலைவிலுள்ள ஒரு விடுதிக்கு மாற்றப்படும் நாற்பது வயதினர், பெற்றோரை மட்டுமன்றித் தம் தெருவையும் மாட்டையும் பால் சங்கத்து நேரத்தையும் ஒரே நாளில் இழக்கிறார். பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே, வாரத்தில் சில நாள்கள் வேறொரு உறவினர் வீட்டிலோ அருகிலுள்ள சிறு குழு இல்லத்திலோ தங்கிப் பழகுவது அவ்விழப்பைக் குறைக்கும். வேலை அதே ஊரில் தொடர்ந்தால், வீடு மாறினும் நாளின் ஒழுங்கு மாறாது. தொழில் இங்கு வருமானத்தை மட்டும் தருவதன்று. பெற்றோரின் மறைவைத் தாங்கும் பற்றுக்கோடாகவும் நிற்பது.

முடிவுரை

ஆட்டிசமுடைய வயதுவந்தோரின் தொழில் பற்றிய சிந்தனை, அவர்களை வேலைக்குத் தயார்ப்படுத்துவதிலிருந்து வேலையை அவர்களுக்கு ஏற்ப அமைப்பதை நோக்கி நகர வேண்டியுள்ளது. குதிரை ஏர் பூட்டிய மிசிசிப்பி வயல், மிதிவண்டித் தடைப் பாகங்கள், வர்ஜீனிய மருத்துவமனைகள் ஆகியன வெவ்வேறு காலத்தவை, இடத்தவை எனினும் இதனையே உணர்த்துகின்றன. குன்றாண்டார்கோவில் போன்ற ஒன்றியத்தில் அதற்குரிய வேலைகள் உள்ளன. அவ்வேலைகளைப் படிகளாகப் பகுத்து, வேலையிடத்திலேயே கற்பித்து, உதவியை மெல்லக் குறைக்கும் பணித்துணைவர்களே இல்லை.

சிறப்பாசிரியர்கள், மகளிர் சுயஉதவிக் குழுவினர், மாற்றுத்திறனாளிகளின் உடன்பிறந்தோர் ஆகியோரிலிருந்து இத்தகைய பணித்துணைவர்களை உருவாக்க இயலும். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய சட்டத் திருத்தம், இத்தேவையை ஊராட்சி மன்றத்திலேயே எழுப்புவதற்கு வாய்ப்பளிக்கிறது. ஒவ்வோர் ஊராட்சியிலும் பதினெட்டு வயதைக் கடந்தோர் எத்தனை பேர், அவர்கள் இப்போது செய்யும் கூலியற்ற வேலைகள் யாவை, எத்தகைய சிறு மாற்றத்தால் அவை கூலி பெறும் வேலைகளாகும் என்பன உடனடியாக மேற்கொள்ளத்தக்க கள ஆய்வுகள். தமிழியல், சமூகவியல், சமூகப் பணித் துறைகளின் ஆய்வாளர்கள் இவற்றில் ஈடுபட்டால், ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஊர் கூறத்தக்க விடை உருவாகும்.